விடிய விடிய நடக்கும் நாடகத்தை யூடியூப்பில் லைவ் போடலாமா?

உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். மேலூர் பக்கம் உங்கள் ஊரில் வைகாசித் திருவிழாவுக்கு வள்ளி திருமணம் நாடகம் வைத்திருக்கிறீர்கள். சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கிற நம்ம ஊர்க்காரர்கள் பார்க்கட்டும், யூடியூப்பில் லைவ் போடுவோம் என்று கமிட்டியில் இளவட்டங்கள் சொல்கிறார்கள். வள்ளி வேடத்துக்குப் பேசியிருக்கிற ஸ்திரீபார்ட் அம்மா, கேமரா வந்தால் நான் வரவில்லை என்று சொல்லிவிட்டார். "காசு கொடுப்பது நாங்கள், மேடை எங்கள் மேடை, இதில் அவர் எப்படி வேண்டாம் என்று சொல்லலாம்? இந்த டிஜிட்டல் சமாச்சாரமெல்லாம் நாடகத்தை வாழ வைக்குமா, அழிக்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவது கேள்விதான் பெரிதாகத் தெரிகிறது. ஆனால் நீங்கள் நிஜமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது முதலாவதைத்தான்: ஒரு ராத்திரி நாடகத்துக்குச் சம்பளம் கொடுத்தால், அந்த ராத்திரியின் பதிவும் நமக்குச் சொந்தமாகிவிடுமா? ஆகாது. ஏன் என்று சொல்லிக்கொண்டு வந்தால் மற்றதற்கும் பாதி பதில் கிடைத்துவிடும்.

எதை வைத்துப் பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். அப்பா ரேடியோ செட் (விழாக்களுக்கு வாடகைக்கு விடுகிற மைக், குழாய் ஒலிபெருக்கி) வைத்திருந்தார், குழாய் கட்ட வேப்ப மரம் ஏறியதில் தொடங்கியது என் வேலை. எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்துவிட்டு 1993-லிருந்து மேலூர், நத்தம், சிங்கம்புணரி, திருமங்கலம், உசிலம்பட்டி என்று மதுரையைச் சுற்றி நாடகங்களுக்கு மைக் வைப்பதும் பதிவு செய்வதும்தான் பிழைப்பு. கேசட், வி.எச்.எஸ்., வி.சி.டி., இப்போது மெமரி கார்டு என்று எல்லாவற்றிலும் இதே வள்ளி திருமணத்தைப் பிடித்திருக்கிறேன். நான் வக்கீல் இல்லை. சட்டம் பற்றிக் கீழே எழுதுவது, தெரிந்த கலைஞர்களுக்காக அலைந்தபோது எடுத்துப் படித்தது, வழக்கு என்று போகிற அளவுக்கு வந்தால் வக்கீலைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் உறுதியானது. 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தில் எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் உரிமை இருந்தது, மேடையில் நின்று நடித்தவருக்கு இல்லை. 1994 திருத்தத்தில் பிரிவு 38 வந்து நிகழ்த்துகிறவருக்கும் உரிமை கொடுத்தது. நடிகர், பாடகர், வாத்தியக்காரர், நாட்டியக்காரர் தொடங்கி வித்தை காட்டுகிறவர், பாம்பாட்டி வரை அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள், காமெடி செய்கிற நம்ம பபூனும் ஆர்மோனியக்காரரும் தாராளமாக அதற்குள் வருவார்கள். நிகழ்த்தியவர் சம்மதம் இல்லாமல் ஒலியாகவோ ஒளியாகவோ பதிவு செய்யவும் கூடாது, பரப்பவும் கூடாது. இந்த உரிமை 50 வருடம் நிற்கும், 2025-இல் நடந்த ஒரு நாடகத்துக்கு 2075 முடிகிற வரைக்கும் இருக்கும். 2012-இல் இன்னொரு திருத்தம் வந்தது. நடிப்பவர் எழுத்துமூலம் சம்மதித்துப் படமாக்கினாலும், அதை வியாபாரத்துக்குப் பயன்படுத்தினால் அவருக்கு ராயல்டி உண்டு. தன் பெயரைச் சொல்லும்படி கேட்கவும், தன் நடிப்பை வெட்டிக் கோணலாக்கித் தன் பெயர் கெடும்படி செய்தால் தடுக்கவும் அவருக்கு உரிமை உண்டு (இது பிரிவு 38-பி). ஆக, நீங்கள் கொடுக்கிற சம்பளம் அன்றைக்கு ராத்திரி உங்கள் ஊர் சனங்கள் முன்னால் நடிப்பதற்கு. உங்கள் மேடை என்பதால் பதிவும் உங்களுடையது ஆகாது. அந்த அம்மா வேண்டாம் என்று சொன்னது திமிரில் இல்லை, அது அவருக்குச் சட்டம் கொடுத்த வார்த்தை.

வீட்டில் பார்ப்பதற்காகச் செல்போனில் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறவரைச் சட்டம் பிடிக்காது, அது வேறு. நாடகப் பாட்டைப் பற்றியும் பயம் வேண்டாம். வள்ளி திருமணத்தை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் 1922-இல் காலமானார், அவர் வரிகள் எப்போதோ பொதுச்சொத்து ஆகிவிட்டன. இடையில் வருகிற சினிமாப் பாட்டுத்தான் சிக்கல், அதைப் பிறகு சொல்கிறேன்.

சட்டத்தை விட்டுவிட்டு இந்தக் கலையின் அமைப்பைப் பாருங்கள். நீங்கள் வைத்திருக்கிற இந்த மாதிரி நாடகத்துக்கு ஸ்பெஷல் நாடகம் என்று பெயர். அந்தப் பெயரே, ஒவ்வொரு கலைஞரையும் தனித்தனியாக ஸ்பெஷலாகப் பேசி அழைப்பதால் வந்தது. கதாநாயகன் வேடம் போடுகிற ராஜபார்ட் புதுக்கோட்டையிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் மதுரை, பபூன் திண்டுக்கல், ஆர்மோனியம் காரைக்குடி. ஒத்திகை கிடையாது. ஒன்பதரை மணிக்கு மேக்கப் கொட்டகையில்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள், பத்தரைக்கு மேடை. கதையும் பாட்டும் எல்லோருக்கும் பாடம், மற்றதெல்லாம் அங்கேயே பிறக்கிறது. வள்ளிக்கும் முருகனுக்கும் நடக்கிற தர்க்கத்தில் அவர் எந்தக் கேள்வி போடுவார் என்று இவருக்குத் தெரியாது, இவர் எந்தப் பதிலால் மடக்குவார் என்று அவருக்குத் தெரியாது. அந்தத் தர்க்கத்துக்காகத்தான் வயதானவர்கள் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இப்படி நிலையில்லாமல் இருப்பதையே உயிராக வைத்திருக்கிற ஒரு கலையைக் கேமரா ஒரே நிலையில் நிறுத்திவிடுகிறது. பரதநாட்டியக் கச்சேரியைப் பதிவு செய்வதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

இதைக் கண்ணால் பார்த்த இடம் ஒன்று சொல்கிறேன். ஐந்தாறு வருடம் முன்னால், கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு ஊர். பபூன் வந்து பாட்டுப் பாடி, மாமியார் வீட்டுக்கு விருந்துக்குப் போன கதையை ஆரம்பித்தார். முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்த பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன், அவர் பாதிக்கு வருமுன் முடிவைச் சத்தமாகச் சொல்லிவிட்டான். நாலைந்து பையன்கள் சேர்ந்து சிரித்தார்கள். அதற்கு முந்தின வாரம் வேறொரு ஊரில் சொன்னதை யாரோ ஏற்றிவிட்டிருக்கிறார்கள். பபூன் ஒரு நொடி நின்றார், ஆர்மோனியக்காரர் பக்கம் திரும்பினார், அவர் புரிந்துகொண்டு ஒரு சுருதி கொடுத்தார், இவர் வேறு பாட்டுக்குள் போய்விட்டார். சபையில் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. நான் மிக்ஸரில் இருந்ததால் அவர் மூச்சு வாங்கியது மைக்கில் கேட்டது. ஒரு நல்ல காமெடியைப் பத்துப் பதினைந்து மேடையில் ஓட்டி ஓட்டித்தான் தேற்றுவார்கள், ஒரு சீசன் முழுக்க அதுதான் அவர் சோறு. முதல் ஊரிலேயே அது உலகத்துக்கு வெளியானால் அடுத்த ஊரில் அவர் கையில் என்ன இருக்கும்?

அதே சமயம், பதிவே கூடாது என்று சொல்கிற ஆள் நான் இல்லை. நாடக மேடையில் பாடி நடித்த எஸ்.ஜி. கிட்டப்பா 1933-இல் இருபத்தேழு வயதில் இறந்துபோனார். சினிமாவில் நடிக்கவில்லை. இன்றைக்கு நமக்கு அவர் குரல் கேட்கிறது என்றால் கிராமபோன் தட்டு ஒன்றுதான் காரணம். அந்தத் தட்டுகளைக் கேட்டுத்தான் அதற்குப் பின்னால் வந்த ராஜபார்ட்டுகள் பலர் பாட்டுக் கற்றார்கள். பதிவு வந்தால் கலை செத்துவிடும் என்ற பயம் அப்போதே இருந்தது, நூறு வருடமாக நாடகம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. பதிவு கலையைக் கொல்வதில்லை, ஆனால் அதன் வடிவத்தைத் தொடும். எப்படித் தொடும் என்பதற்கு என் கையாலேயே நடந்தது ஒன்று உண்டு.

1996-இல் நத்தம் பக்கம் ஒரு ஊரில், இப்போது உயிரோடு இல்லாத ஒரு பெரிய ராஜபார்ட், வேடனாக வந்து ஒரு விருத்தம் பாடினார். தொண்ணூறு நிமிடக் கேசட், ஒரு பக்கத்துக்கு நாற்பத்தைந்து. விருத்தத்தின் முதல் அடி முடியும்போது கேசட் டக் என்று நின்றது. எடுத்துத் திருப்பிப் போட்டு பட்டனை அமுக்குவதற்குள் இரண்டு அடி போய்விட்டது. அந்தக் கேசட்டைக் கேட்டவர்களுக்கெல்லாம் பிரதி போட்டுக் கொடுத்தேன், அவர்கள் அவர்களுக்குத் தெரிந்தவர்களுக்குக் கொடுத்தார்கள். இருபது வருடம் கழித்துத் திருமங்கலம் பக்கம் ஒரு மேடையில் இளம் ராஜபார்ட் ஒருவர் அதே விருத்தத்தை எடுத்தார். நல்ல குரல். முதல் அடியிலிருந்து நேராக நாலாம் அடிக்குத் தாவினார், என் கேசட் நின்ற அதே இடத்தில், மூச்சு விடுகிற இடம்கூட மாறாமல். விடிந்த பிறகு டீக்கடையில் கேட்டேன், யாரிடம் தம்பி பாடம் என்று. "யூடியூப்ல கிடக்குண்ணே, பழைய கேசட்டு" என்றார். பக்கத்தில் ஆர்மோனியப் பெரியவர் இருந்தார், விட்டுப்போன இரண்டு அடியையும் அங்கேயே பாடிக் காட்டினார், தம்பி செல்போனில் தட்டிவைத்துக்கொண்டார். அந்தப் பெரியவர் அன்றைக்கு அங்கே இல்லாமல் போயிருந்தால் என் கைப்பிழைதான் இனிமேல் பாடாந்தரம். அன்றிலிருந்து எங்கே பதிவு செய்தாலும் இரண்டு கருவி ஓடுகிறது எனக்கு. முன்னால் ஆசிரியர் தப்பாகச் சொன்னால் பக்கத்தூர் ஆசிரியர் திருத்துவார், இப்போது ஒரே பதிவு ஆயிரம் பேருக்கு ஆசிரியர். அப்படிப்பட்ட பதிவை ஏனோதானோ என்று செய்யக்கூடாது.

இனி ஸ்திரீபார்ட் அம்மா விஷயம். அவரிடம் பேசாமல் அவர் காரணத்தை நான் சொல்ல முடியாது, ஆனால் இதே மறுப்பை வேறு பலர் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். எட்டு மணி நேரம் பாடிப் பேசி நடித்ததில் நாற்பது நொடியை மட்டும் வெட்டி, கூசுகிற மாதிரி ஒரு தலைப்பு வைத்துப் போட்டுவிடுகிறார்கள். கீழே கமெண்டில் எழுதுவதை இங்கே எழுத முடியாது. அந்த நாற்பது நொடி அவர் பிள்ளை படிக்கிற பள்ளிக்கூட வாட்சப்புக்குப் போகிறது. ராத்திரி மேடை ஏறுகிற பெண்களைப் பற்றி ஊர் பேசுகிற பேச்சை ரெண்டு தலைமுறையாகத் தாங்கிக்கொண்டு, அதற்குள் தங்களுக்கென்று ஒரு மரியாதையைக் கட்டி எழுப்பியவர்கள் இவர்கள். ஊருக்கு ஊர் நடித்தால் அந்த ஊரோடு பேச்சு முடிந்துவிடும், வீடியோ அப்படி முடிவதில்லை. தெரிந்த ஒரு டான்ஸ் கலைஞருக்கு இப்படி நடந்தபோது வீடியோவை எடுக்கச் சொல்லிப் புகார் கொடுத்தோம், எடுத்தார்கள், அதற்குள் வேறு மூன்று சேனலில் அது இருந்தது. சட்டத்தில் உரிமை இருப்பதும் அந்த உரிமை கையில் கிடைப்பதும் ஒன்றில்லை என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

பணத்துக்கு வருவோம், இதைக் கமிட்டியில் பலருக்குத் தெரியாது. ஒரு சேனல் நீள வீடியோக்களை வைத்து விளம்பரக் காசு பெற வேண்டுமானால் 1,000 சப்ஸ்கிரைபரும், பன்னிரண்டு மாதத்தில் 4,000 மணி நேரம் ஜனங்கள் பார்த்த கணக்கும் வேண்டும். விடிய விடிய நடக்கிற எட்டு மணி நேர நாடகத்தை 500 பேர் முழுசாகப் பார்த்தால் ஒரே ராத்திரியில் அந்த 4,000 நிரம்பிவிடும். சில சேனல்காரர்கள் இலவசமாகவே வந்து லைவ் போடுகிறேன் என்று ஊர் ஊராகக் கேட்பதற்கு இது ஒரு காரணம். அவர்கள் எல்லோரையும் குற்றம் சொல்லவில்லை. ராத்திரி முழுக்கக் கண் விழிக்கிற உழைப்பு அதில் இருக்கிறது, சிலர் கலைஞர்களுக்குத் தனியாகக் கவர் கொடுப்பதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் இலவசமாக வருகிறவருக்கும் ஏதோ ஒன்று போகிறது, அது யாருடைய உழைப்பிலிருந்து போகிறது என்று தெரிந்துகொண்டு பேச வேண்டும். சினிமாப் பாட்டு விஷயம் இங்கேதான் வருகிறது. காமெடிக்கும் டான்ஸுக்கும் சினிமா மெட்டுப் பாடினால் யூடியூப்பின் கன்டென்ட் ஐடி அதைக் கண்டுபிடித்து, வருமானத்தைப் பாட்டு வைத்திருக்கிற கம்பெனிக்குத் திருப்பலாம், வீடியோவையே மறைக்கவும் செய்யலாம். கோயில் விழாவுக்கு விலக்கு உண்டு என்று உங்கள் ஆட்கள் சொல்லக்கூடும், அந்த விலக்கு உண்மையான மதச் சடங்கில் பாடுவதற்கு, அதைப் படம்பிடித்து உலகத்துக்கு ஏற்றுவதற்கு இல்லை.

இப்போது சந்தேகமான பகுதி. லைவ் போட்டால் ஊரில் கூட்டம் குறையுமா என்பதற்கு யாராவது அடித்துப் பதில் சொன்னால் நம்பாதீர்கள். கூட்டம் குறைந்திருப்பதை நானே பார்க்கிறேன், ஒரு மணிக்கு மேல் பாதிப் பந்தல் காலி. ஆனால் அது யூடியூப்புக்கு முன்னாலேயே தொடங்கிவிட்டது. டி.வி. வந்தது, ஆடல் பாடல் நிகழ்ச்சிகள் வந்தன, காலையில் வேலைக்குப் பஸ் பிடிக்கிறவர்கள் கூடிவிட்டார்கள். ஒலிபெருக்கிக்கு ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை தடை சொல்கிற 2000-ஆம் வருட விதிகள், பத்தரைக்குத் தொடங்குகிற நாடகத்தின் கழுத்தில் நேராக விழுகின்றன, பர்மிஷனுக்கு அலைய முடியாமல் நாடகத்தையே விட்ட ஊர்கள் எனக்குத் தெரியும். அப்புறம் கொரோனா. 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தபோது பங்குனி சீசன் அப்போதுதான் தொடங்கியிருந்தது, அந்த வருடமும் அடுத்த வருடமும் சீசன் கெட்டுப்போனது. ஆறு மாதச் சம்பாத்தியத்தில் பன்னிரண்டு மாதம் வாழ்கிறவர்கள் காய்கறி விற்றார்கள், கட்டட வேலைக்குப் போனார்கள். இத்தனைக்கும் நடுவில் லைவ் மட்டும் எவ்வளவு கூட்டத்தை எடுத்தது என்று பிரித்துச் சொல்ல என்னிடம் கணக்கு இல்லை. என் மனதுக்குப் படுவது, லைவ் இருப்பதால் வீட்டிலேயே இருந்துவிடுகிறவர் எப்படியும் ஒரு மணிக்கு எழுந்து போகிறவர்தான் என்பது. இதை அபிப்பிராயமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நிச்சயமாக மாறியிருப்பது கலைஞரைப் பேசுகிற முறை. முன்னால் மதுரைக்கு வந்து அமைப்பாளரைப் பார்த்து, படம் போட்ட நோட்டீஸ்களைப் புரட்டி, யார் எந்த ஊரில் நன்றாகச் செய்தார் என்று விசாரித்து அட்வான்ஸ் கொடுப்பார்கள். இப்போது கமிட்டிக்காரர்கள் செல்போனில் வீடியோ பார்த்துவிட்டு இன்னார் வேண்டும் என்று கேட்கிறார்கள். இதனால் யாரும் அறியாத சின்னப் பிள்ளைகள் சிலர் ஒரே வருடத்தில் மேலே வந்துவிட்டார்கள், சந்தோஷம்தான். தர்க்கத்தில் யாராலும் மடக்க முடியாத ஒரு வள்ளிக்கு, அவர் வயது அறுபதைத் தொட்டுவிட்டது, வீடியோவில் எடுபடவில்லை என்பதற்காகத் தேதி குறைந்துபோனதையும் பார்க்கிறேன். நாற்பது நொடியில் தர்க்கம் தெரியாது.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? சம்மதத்தை நாடகத்தன்று ராத்திரி மேக்கப் கொட்டகையில் போய்க் கேட்காதீர்கள், முகத்தில் அரிதாரத்தோடு இருக்கிறவரால் இல்லை என்று சொல்ல முடியாது. தேதி பேசும்போதே கேட்டுவிடுங்கள், பக்கவாத்தியக்காரர்கள் உட்பட ஒவ்வொருவரிடமும் தனியாக. ஒரு பக்கக் கடிதம் தமிழில் போதும்: எங்கே வெளியிடுவோம், எவ்வளவு நாள் இருக்கும், காசு வந்தால் யாருக்கு எவ்வளவு, துண்டு துண்டாக வெட்டிப் போடமாட்டோம், எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுவோம். அதில் இன்னொரு வரியும் சேருங்கள், இந்தப் பதிவை வைத்துச் செயற்கைக் குரல் உருவாக்கக் கூடாது என்று. இது அதிகப்படியாகத் தெரியலாம். 2024-இல் ஏ.ஆர். ரஹ்மான் மறைந்துபோன பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவர் குரலையும் செயற்கை நுண்ணறிவு வழியாகப் பாட வைத்தார், குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி ஊதியமும் கொடுத்ததாக அவரே சொன்னார். அவர் கேட்டுச் செய்தார், கேட்காமல் செய்கிறவர்களுக்கும் அதே கருவி கையில் கிடைக்கிறது.

வெளிநாட்டில் இருக்கிற உங்கள் ஆட்களுக்காக மட்டும் என்றால் பொதுவில் லைவ் போட வேண்டிய அவசியமே இல்லை. அன்லிஸ்டட் என்று வைத்தால் லிங்க் இருக்கிறவர் மட்டும் பார்க்கலாம், ஊர் வாட்சப் குழுவில் அனுப்பிவிடுங்கள், ஒரு வாரம் கழித்து எடுத்துவிடுங்கள். இதில் அந்த 4,000 மணி நேரக் கணக்கு சேராது என்பதால் வீடியோக்காரர் கூலி கேட்பார், கொடுத்துவிடுங்கள். பபூன், டான்ஸ் பகுதி முடிந்து வள்ளி வருகிற இடத்திலிருந்து கேமராவை ஓட்டலாம், காமெடிக்காரர்கள் பிழைப்பும் கெடாது, பாட்டுத் தகராறும் பெரும்பாலும் போய்விடும். ஒலியைச் செல்போன் மைக்கில் விட்டுவிடாதீர்கள், நடிகர் பேச்சை நிறுத்துகிற இடத்தில் அது தானாகச் சத்தத்தைக் கூட்டி ஜெனரேட்டரைக் கேட்க வைக்கும். ரேடியோ செட்காரரிடம் சொல்லி மிக்ஸரிலிருந்து ஒரு வயர், சபைப் பக்கம் ஒரு மைக், இரண்டையும் தனி ரெக்கார்டரில் சேருங்கள். நல்ல தரத்தில் மணிக்கு ஒரு ஜி.பி. ஆகும், முழு நாடகமும் பதினாறு ஜி.பி. பென்டிரைவில் அடங்கிவிடும். அதில் ஆளுக்கு ஒன்று கலைஞர்களுக்குக் கொடுங்கள். முப்பது வருடம் நடித்தும் தன் குரலை ஒரு முறைகூட நிதானமாகக் கேட்காதவர்கள் அவர்களில் உண்டு. உங்கள் ஊரில் யார் வீட்டுப் பரணிலாவது பழைய நாடகக் கேசட்டோ வி.எச்.எஸ்.ஸோ இருந்தால் அதையும் தேடுங்கள், பூஞ்சை பிடிக்குமுன் டிஜிட்டலுக்கு மாற்றிவிடலாம்.

இத்தனைக்கும் பிறகு அந்த அம்மா வேண்டாம் என்றே சொன்னால் கேமராவை விட்டுவிடுங்கள், ஆளை மாற்றாதீர்கள். ஆனால் முதலில் போன் போட்டு, எது வேண்டாம் என்று கேளுங்கள். நான் கேட்ட இடங்களில் பாதிப் பேர் நாடகத்தை எடுப்பதை மறுக்கவில்லை. மேக்கப் கொட்டகைக்குள் செல்போனை நீட்டக்கூடாது, மேடைக்குக் கீழே நின்று அண்ணாந்து எடுக்கக்கூடாது, கமெண்ட் திறந்திருக்கக்கூடாது, இவ்வளவுதான் கேட்டார்கள். கமெண்டை அடைக்க ஒரு பட்டன் போதும். கேமராவைச் சபையின் நடுவில், ஆள் உயரத்தில், மிக்ஸர் மேசை பக்கத்தில் ஒரே இடமாக நிறுத்தச் சொல்லுங்கள், கொட்டகை வாசலில் கமிட்டியில் வயதான ஒருவரை நாற்காலி போட்டு உட்கார வையுங்கள்.